கைப்பேசியும் வளரும் மூளையும்

நுழையும்முன்

"கைப்பேசியைக் கீழே வை, மூளை கெட்டுப்போகும்" என்று பெரியவர்கள் சொல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஊரில் இருக்கும் தாத்தா பாட்டியின் முகம் பார்த்துப் பேசுவதற்கு அதே கைப்பேசியை உங்கள் கையில் கொடுப்பவர்களும் அவர்களே. கைப்பேசியால் மூளை உண்மையிலேயே கெடுமா? கெடுமாயின் எதனால் கெடும்? அறிவியல் உறுதியாகச் சொல்வது எது, இன்னும் உறுதி செய்யாதது எது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

அலைகளும் அச்சமும்

கையில் ஏந்திப் பேசும் தொலைபேசியின் முதல் அழைப்பு 1973 ஏப்ரல் 3 அன்று நியூயார்க் நகரில் நிகழ்ந்தது. மார்ட்டின் கூப்பர் என்னும் பொறியாளர் பேசிய அக்கருவியின் எடை ஒரு கிலோவுக்கும் சற்று மிகுதி. இந்தியாவின் முதல் கைப்பேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று, அன்றைய கல்கத்தாவிலிருந்து தில்லிக்குச் சென்றது. மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு, நடுவண் தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அன்று அமைச்சர்கள் கையில் இருந்த கருவி இன்று பால் காய்ச்சும் அடுப்பின் அருகிலும் கிடக்கிறது. கருவி பரவியபோதே ஓர் அச்சமும் உடன் பரவியது. காதோடு ஒட்டி வைத்துப் பேசும் ஒன்றிலிருந்து வெளிப்படும் அலைகள் மண்டையோட்டினுள் புகுந்து மூளையைத் தாக்காவா என்பதே அந்த அச்சம்.

அப்படிக் கேட்பது நியாயமே. ஆயினும் எல்லா அலைகளையும் கதிர்வீச்சு என்னும் ஒரே சொல்லால் குறிப்பதனால் ஒரு மயக்கம் நேர்கிறது. எக்ஸ் கதிர், காமா கதிர் போன்றவை அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பெயர்த்தெடுக்கும் ஆற்றல் உடையவை. எனவே, அவை உயிரணுவிலுள்ள மரபுப்பொருளைச் சிதைக்க வல்லவை. கைப்பேசி பயன்படுத்தும் வானொலி அலைகளுக்கு அவ்வாற்றல் இல்லை. அவற்றால் உடல் திசுவைச் சிறிதளவு சூடேற்ற இயலும். அந்தச் சூட்டுக்கும் வரம்பு உண்டு. ஒரு கிலோகிராம் திசுவுக்கு 1.6 வாட் என்னும் அளவை எந்தக் கைப்பேசியும் தாண்டக் கூடாது என்னும் விதி இந்தியாவில் 2012 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. *#07# என்று அழுத்தினால் பல கைப்பேசிகள் தத்தம் அளவைத் திரையில் காட்டும்.

2011ஆம் ஆண்டு, உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, இவ்வலைகளைப் 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்னும் பிரிவில் சேர்த்தது. அதைக் கேட்டுப் பலர் நடுங்கினர். அப்பிரிவின் பொருள் 'உண்டாக்கும்' என்பது அன்று. கிடைத்த சான்று குறைவு, ஆயினும் அதைப் புறந்தள்ளவும் இயலவில்லை என்பதே அதன் பொருள். ஆசிய மரபு முறையில் ஊறவைத்த காய்கறிகளும் அதே பிரிவில்தான் இருக்கின்றன! அதன்பின் இந்தியா உட்பட 14 நாடுகளில், 10 முதல் 24 வயது வரையுள்ளோரிடம் ஒரு பெரிய ஆய்வு நடைபெற்றது. மூளைக்கட்டி உடைய ஏறத்தாழ 900 பேரும் அக்கட்டி இல்லாத ஏறத்தாழ 1,900 பேரும் ஒப்பிடப்பட்டனர். கைப்பேசி பயன்பாட்டால் மூளைக்கட்டி உண்டாகிறது என்பதற்குச் சான்று இல்லை என்று 2022இல் அதன் முடிவு வெளிவந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் வேண்டுகோளின்படி பழைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்து ஆராய்ந்து 2024இல் வெளிவந்த அறிக்கையும் கைப்பேசிக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை.

என்னைக் கேட்டால், அலைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதால் உண்மையான வினா பின்னுக்குப் போய்விடுகிறது என்பேன். கைப்பேசி மூளைக்குள் எதை அனுப்புகிறது என்பதைவிட, அதைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் மூளைக்கு எது வந்து சேராமற்போயிற்று என்பதே கேட்கத்தக்க வினா.

ஒற்றையடிப் பாதை

பிறந்த குழந்தையின் மூளை, அளவில் பெரியவர் மூளையில் ஏறத்தாழக் கால் பங்கே. ஆறு வயதுக்குள் அது பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிடுகிறது. அத்தோடு வேலை முடிந்துவிடுவதில்லை. நரம்பணுக்களுக்கு இடையே எண்ணற்ற இணைப்புகள் தோன்றுகின்றன, பயன்படுபவை உறுதி பெறுகின்றன, பயன்படாதவை மறைகின்றன. வயல்வெளியில் ஒற்றையடிப் பாதையைப் பார்த்திருக்கிறீர்களா? இல்லையெனில் விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது பாருங்கள். நாள்தோறும் கால்படும் இடத்தில் புல் முளைப்பதில்லை. யாரும் நடவாத பாதையை நெருஞ்சி மூடிவிடும். மூளையின் பாதைகளும் அத்தகையனவே.

மூளையின் எல்லாப் பகுதிகளும் ஒரே வயதில் முதிர்வதில்லை. நெற்றிக்குப் பின்னுள்ள பகுதி கடைசியாக, இருபத்தைந்து வயதை ஒட்டியே முழுமை பெறுகிறது. 'போதும், நிறுத்து' என்று நம்மை நாமே அடக்கிக்கொள்ள உதவுவது அப்பகுதிதான். இப்போது கைப்பேசியை எண்ணிப் பாருங்கள். ஒரு காணொளி முடிந்ததும் அடுத்தது தானே தொடங்குகிறது. விரலால் தள்ளத் தள்ளப் புதிய படங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் உண்டு. விளையாட்டுத் திடலுக்கு இருட்டும் நேரம் உண்டு. இதற்கு அத்தகைய எல்லை எதுவும் இல்லை. நிறுத்தும் பொறுப்பு முழுவதும் இன்னும் முதிராத ஒரு பகுதியின்மேல் விழுகிறது. ஐந்து நிமிடம் என்று எடுத்த மாணவர் ஒரு மணி நேரம் கழித்துத் தலைநிமிர்வது அவருடைய மனவுறுதிக் குறைவால் மட்டும் அன்று. செயலிகளை உருவாக்குவோர் நன்கு படித்த பெரியவர்கள். நீங்கள் எட்டாம் வகுப்பு. இது சமமான போட்டி அன்று.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. அமெரிக்காவில் ஏறத்தாழ 12,000 சிறுவர்களை ஒன்பது, பத்து வயது முதல் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு ஒன்று நடந்துவருகிறது. நாள்தோறும் ஏழு மணி நேரத்துக்கு மேல் திரை பார்க்கும் சிலரின் மூளைப் புறணி மெலிந்து காணப்பட்டதாக 2018இல் அதன் தொடக்கநிலைச் செய்தி வெளியாகி உலகெங்கும் பரவியது. ஆனால் புறணி மெலிவது வளரும் வயதில் இயல்பாகவும் நிகழ்வது. திரை பார்த்ததால் மெலிந்ததா, அவ்வாறு அமைந்த சிறுவர்கள் திரையை மிகுதியாக நாடினரா என்பதை அந்தப் படங்களைக் கொண்டு மட்டும் சொல்ல இயலாது. இரண்டு செய்திகள் ஒன்றாகக் காணப்படுவது வேறு. ஒன்றால் மற்றொன்று விளைவது வேறு. நாளிதழ் படிக்கும்போது இவ்வேறுபாட்டை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

வெயிலும் இரவும்

திரையால் கண்ணுக்கு என்ன நேர்கிறது? திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைகிறது. கண் உலர்ந்து எரிகிறது. இது சிறிது ஓய்வில் தீரும். கிட்டப்பார்வை அவ்வாறு தீர்வதன்று. தில்லிப் பள்ளிகளில் ஏறத்தாழ 9,900 மாணவர்களை எய்ம்ஸ் மருத்துவர்கள் ஆய்ந்து 2015இல் வெளியிட்ட முடிவின்படி, நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்குக் கிட்டப்பார்வை இருந்தது. நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் விளையாடுவோரிடம் அது குறைவாகக் காணப்பட்டது. வெளிவெளிச்சம்தான் காரணமா என்று சோதித்தறிந்த ஆய்வும் உண்டு. சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றில் பாதிப் பள்ளிகளின் முதல் வகுப்பு மாணவர்களுக்கு நாள்தோறும் 40 நிமிடம் வெளிவகுப்பு கூடுதலாக வைத்தனர். மூன்று ஆண்டுகளில், வழக்கம்போல் நடந்த பள்ளிகளில் நூற்றுக்கு 39.5 பேருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது. வெளிவகுப்பு நடந்த பள்ளிகளில் 30.4 பேருக்கு வந்தது. வெறும் 40 நிமிட வெளிச்சத்தின் பயன் அது. நன்கு விளக்கேற்றிய வகுப்பறையில் ஒளியின் அளவு சில நூறு லக்ஸ்; மரநிழலிலோ பல ஆயிரம் லக்ஸ். அவ்வொளி விழித்திரையில் சுரக்கச் செய்யும் டோபமின் என்னும் பொருள், கண்விழி அளவுக்கு மீறி நீள்வதைத் தடுக்கிறது என்று அறிஞர் கருதுகின்றனர்.

கண்ணைப் பொறுத்தவரை, கைப்பேசி செய்யும் தீங்கில் பெரும்பங்கு அது நம்மை அறைக்குள் இருத்திவைப்பதே. நம்மில் பலர் நான்காம் மாடியிலும் ஐந்தாம் மாடியிலும் குடியிருக்கிறோம். கீழே இருப்பது வண்டிகள் நிற்கும் இடம். பந்து எடுத்தால் காவலர் விரட்டுகிறார். விளையாட இடம் தராத ஊரில் 'கைப்பேசியை வை' என்று மட்டும் சொல்வது பாதிச் சொல்தான். பள்ளியின் விளையாட்டு வேளையைக் கணக்கு வகுப்புக்குக் கடன் கொடுப்பதை நான் ஏற்பதில்லை, கணக்காசிரியர் பொறுத்தருள்க.

உறக்கத்திலும் கணக்கு ஏறத்தாழ இதுவே. இருள் வந்ததும் மூளையில் மெலடோனின் சுரந்து உறக்கத்தை அழைக்கிறது. கண்ணருகே ஒளிரும் திரை அதைப் பின்னுக்குத் தள்ளுகிறது. அமெரிக்காவில் 12 பேரைக் கொண்டு நடந்த ஒரு சோதனையில், இரவில் மின்திரையில் நூல் படித்தோருக்கு, அச்சு நூல் படித்தபோது இருந்ததைவிட மெலடோனின் சுரப்பு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் பிந்தியது. ஆயினும் அவர்கள் உறங்கத் தொடங்கப் பிடித்த கூடுதல் நேரம் பத்து நிமிடமே. எனவே, நீலஒளி, நீலஒளி என்று அதன்மேல் மட்டும் பழிபோட வேண்டா. பத்து நிமிடத்தை ஒளி எடுத்துக்கொள்கிறது. இன்னும் ஓர் ஆட்டம், இன்னும் ஒரு செய்தி என்று மீதி இரண்டு மணி நேரத்தை நாமே கொடுக்கிறோம். 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் உறங்க வேண்டும் என்பது மருத்துவர் பரிந்துரை. பகலில் படித்ததை நினைவில் பதிக்கும் வேலையை மூளை உறக்கத்தில்தான் செய்கிறது. இரவு பன்னிரண்டு மணி வரை விழித்திருந்து காலையில் ஐந்தரைக்கு எழுந்து பள்ளிப் பேருந்தைப் பிடிப்பவர், படித்ததில் ஒரு பங்கைத் தலையணையிலேயே விட்டுவிட்டு வருகிறார்.

கழுத்து வலியைப் பற்றி ஒரு சொல். நிமிர்ந்த தலையின் எடை ஐந்து கிலோ அளவு. தலையை 60 பாகை குனிந்தால் கழுத்து தாங்கும் பளு 27 கிலோவுக்குச் சமமாகும் என்று 2014இல் நியூயார்க்கின் முதுகெலும்பு மருத்துவர் ஒருவர் கணக்கிட்டார். புத்தகத்தின்மேல் அவ்வாறு கவிழ்ந்து கிடந்தாலும் பளு அதேதான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விடை தரும் முகம்

வெளிச்சத்தையும் உறக்கத்தையும் போலவே, மூளைக்கு வந்து சேர வேண்டிய மற்றொன்று பேச்சு. உங்களைப் போல ஊர்விட்டு வந்து வாழும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அதைப் பற்றியே நான் மிகுதியாகச் சொல்ல விரும்புகிறேன்.

ஆறு மாதக் குழந்தை உலகின் எந்த மொழியின் ஒலியையும் வேறுபடுத்திக் கேட்க வல்லது. ஓராண்டு நிறைவதற்குள் அத்திறன் சுருங்கித் தன்னைச் சுற்றி வழங்கும் மொழியின் ஒலிகளில் கூர்மை பெறுகிறது. பாட்ரிசியா கூல் என்னும் அமெரிக்க அறிஞர் 2003இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். ஆங்கிலம் பேசும் வீட்டில் பிறந்த ஒன்பது மாதக் குழந்தைகளைச் சீன மொழி பேசுவோர் மடியருகே அமர்த்தி, கதை படித்தும் பொம்மை காட்டியும் விளையாடினர். ஒவ்வொரு முறையும் 25 நிமிடம். மொத்தம் 12 முறை. அக்குழந்தைகள் சீன மொழிக்கே உரிய ஒலிகளை வேறுபடுத்தி அறியக் கற்றுக்கொண்டன. வேறு குழந்தைகளுக்கு அதே மனிதர்களை, அதே பேச்சோடு, தொலைக்காட்சித் திரையில் அதே அளவு நேரம் காட்டினர். அவை எதையும் கற்கவில்லை. ஒலி ஒன்றே, பேசியவரும் ஒருவரே. குழந்தை சிரித்தபோது திருப்பிச் சிரிக்கும் முகம் மட்டும் திரையில் இல்லை.

இதைப் படித்தபோது எனக்கு நம் லகர, ளகர, ழகரங்கள் நினைவுக்கு வந்தன. வலி என்றால் நோவு. வளி என்றால் காற்று. வழி என்றால் பாதை. என் வகுப்பில் மூன்றையும் 'வலி' என்றே படிக்கும் பிள்ளைகள் உண்டு. அது அவர்கள் பிழை அன்று. அவ்வொலிகள் அவர்கள் காதில் போதிய அளவு விழவில்லை.

ஏன் விழவில்லை? மதுரையில் வளரும் பிள்ளை தமிழை வீட்டில் மட்டும் கேட்பதில்லை. பால்காரர், பேருந்து நடத்துநர், பக்கத்து வீட்டு அத்தை, கடைத்தெருவில் விலை பேசுவோர் என எத்திசையிலிருந்தும் தமிழ் வந்து விழுகிறது. அப்பிள்ளை ஒரு மணி நேரம் கைப்பேசியில் மூழ்கினாலும் மீதிப் பொழுதில் ஊரே அவனுக்குத் தமிழாசிரியர். நாகபுரியிலோ போபாலிலோ வளரும் உங்களுக்குத் தமிழ் பேசுவோர் எத்தனை பேர்? அம்மா, அப்பா, அண்ணன் அல்லது அக்கா. விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களும் நீங்களும் ஒன்றாக இருக்கும் நேரமோ இரவு உணவு வேளை மட்டும். அவ்வேளையில் நால்வர் கையிலும் நான்கு திரைகள் இருந்தால் அன்றைக்கு வீட்டில் தமிழ் எங்கிருந்து வரும்? ஆகவே, கைப்பேசியில் போன ஒரு மணி நேரம் மதுரைப் பிள்ளையிடமிருந்து எடுத்துக்கொள்வதைவிட உங்களிடமிருந்து மிகுதியாக எடுத்துக்கொள்கிறது.

பெரியவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இரண்டு வயதுப் பிள்ளைகளுக்குத் தாய்மார் இரண்டு புதிய சொற்களைக் கற்பித்தனர். ஒரு சொல்லைக் கற்பிக்கும்போது மட்டும் நடுவே கைப்பேசி ஒலித்தது. தாய் எடுத்துப் பேசிவிட்டு மீண்டும் தொடர்ந்தார். தடையின்றிக் கற்பித்த சொல்லைப் பிள்ளைகள் கற்றுக்கொண்டனர். தடைப்பட்ட சொல்லைக் கற்கவில்லை. இவ்விரண்டு சொற்களும் பிள்ளை காதில் ஒலித்த எண்ணிக்கை ஒன்றே. இப்பத்தியை வீட்டில் உரக்கப் படிக்க விரும்புவோர் படிக்கலாம். என் பெயரைச் சொல்ல வேண்டா.

அப்படியானால் திரை என்றாலே பகையா? 2014இல் வெளியான மற்றோர் ஆய்வு இதற்கு விடை தருகிறது. 24 முதல் 30 மாதம் வரையுள்ள பிள்ளைகளை மூன்று குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழுவினருக்கு நேரிலும், ஒரு குழுவினருக்குக் காணொளி அழைப்பிலும், மூன்றாம் குழுவினருக்கு முன்பே பதிவு செய்த காணொளியிலும் புதிய வினைச்சொற்களைக் கற்பித்தனர். பதிவைப் பார்த்தவர்கள் கற்கவில்லை. நேரில் கேட்டவர்களும் அழைப்பில் கேட்டவர்களும் கற்றுக்கொண்டனர். மூளை திரையை வெறுக்கவில்லை. தனக்கு மறுமொழி தரும் முகத்தையே அது தேடுகிறது. இந்தியக் குழந்தைநல மருத்துவர் கழகம் 2022இல் வெளியிட்ட நெறிமுறையும் இதற்கு ஒத்திருக்கிறது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் திரையே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லும் அது, ஒரே ஒரு விலக்கு அளிக்கிறது: உறவினருடன் எப்போதாவது பேசும் காணொளி அழைப்பு.

இச்சோதனைகள் குழந்தைகளிடம் நடந்தவை. நீங்கள் குழந்தைகள் அல்லர். மொழி கற்கும் வாயில் உங்களுக்கு மூடிவிடவும் இல்லை. ஆனால் வாரம் ஒருமுறை வரும் அந்த அழைப்பை நாம் எவ்வாறு நடத்துகிறோம்? "கண்ணு, சாப்டியா?" என்கிறார் பாட்டி. "ம்." "பரீட்சை எப்ப?" "நெக்ஸ்ட் வீக்." அதற்குள் மேலே வேறொரு செய்தி மின்னுகிறது, விரல் அங்கே போகிறது, பாட்டியின் முகம் சிறு கட்டமாகச் சுருங்கி மூலைக்குப் போய்விடுகிறது. "சரி, அம்மாகிட்ட குடு" என்கிறார் அவர். அழைப்பு முடிந்தது. விடை தரும் முகம் அங்கே இருந்தது. நாம்தான் அதைப் பதிவு செய்த காணொளியாக்கிவிட்டோம்.

அதே பாட்டியிடம் "கையில் என்ன வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். திருநெல்வேலிப் பக்கமாயின் "இது சுளகு, உளுந்து புடைக்கிறேன்" என்பார். வேறு ஊராயின் அதையே முறம் என்பார். புடைப்பது என்றால் என்ன என்று கேட்டால் சுளகைத் திரைமுன் பிடித்துத் தட்டிக் காட்டுவார். உமி பறப்பதும், அவர் இருமிச் சிரிப்பதும், ழகரமும் ளகரமும் அவர் நாவில் வளைவதும் உங்களுக்குக் கிடைக்கும். ஆச்சி, அம்மாச்சி, அப்பத்தா என்று உங்கள் வீட்டில் எவ்வாறு அழைத்தாலும், அவரிடம் உள்ள சொற்களில் பல இந்தப் பயிற்சி நூலில் இல்லை.

சொல்லும் பொருளும்

மயக்கம் – தெளிவின்மை
நெருஞ்சி – தரையில் படரும் முட்செடி
புறணி – மூளையின் மேலடுக்கு
பாகை – கோண அளவு
பளு – சுமை
புடைத்தல் – தானியத்திலிருந்து உமி, தூசு நீங்கத் தட்டுதல்

பயிற்சி

1. எக்ஸ் கதிருக்கும் கைப்பேசி அலைக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. 'இது சமமான போட்டி அன்று' என்று ஆசிரியர் கூறுவது ஏன்? நீங்கள் உடன்படுகிறீர்களா?
3. குவாங்சோ நகரப் பள்ளிகளில் நடந்த ஆய்வை ஐந்து தொடர்களில் எழுதுக.
4. மதுரைப் பிள்ளைக்கும் உங்களுக்கும் தமிழ் வந்து சேரும் வழிகளை ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதுக. ஆசிரியர் சொல்லாமல் விட்ட வழி ஏதேனும் உங்கள் ஊரில் உண்டா?
5. பொருள் வேறுபாடு அறிந்து தொடரில் அமைத்து, உரக்கப் படிக்க: அலை – அழை, ஒலி – ஒளி – ஒழி, விலை – விளை – விழை.
6. செயல்பாடு: இவ்வார அழைப்பில் உங்கள் பாட்டி அல்லது தாத்தாவிடம் நீங்கள் இதுவரை கேளாத ஊர்ச்சொற்கள் மூன்றைக் கேட்டறிக. அப்பொருள்களை வரைந்து, அவர் சொன்ன விளக்கத்தை அவர் சொன்னவாறே எழுதி வருக. எழுத்துப்பிழைக்கு இதில் மதிப்பெண் குறைக்கப்படாது.